இறங்க வண்டி உண்டு, ஏற?

(கொடைக்கானல் மேல்மலையிலுள்ள பூம்பாறை ஊர்க்கூட்டத்தில் பேசியது)

தலைவர் அவர்களே, எனக்குச் சால்வை போர்த்திய ஊர்ப் பெரியவர் அவர்களே, நோயாளிகளைப் பார்த்து முடித்த கையோடு வந்திருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே, செவிலியர் சகோதரிகளே, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரையிலிருந்து பூண்டுக்காட்டு வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, குழந்தை வேலப்பர் சன்னிதி இருக்கும் ஊரில் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

காப்பீடு, மருந்து, வழிச்செலவு என்று மூன்றைப் பற்றிப் பேசுகிறேன்.

2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012-இல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமானது. இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. நிலத்தை அடகு வைக்காமல் இதய அறுவை செய்துகொள்ள முடிகிறது என்றால் அது சின்ன விஷயமா? 108 வண்டி 2008-இலேயே வந்துவிட்டது. சரி, குறை எங்கே?

‘மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும்’ என்று என் பாட்டி சொல்வார். அதை என் சித்தப்பா விஷயத்தில் கண்ணால் பார்த்தேன். நெஞ்சுவலி வந்து மதுரை வரை கொண்டுபோனோம். காப்பீட்டில் சிகிச்சை, கைக்காசு போகவில்லை. ஆறாம் நாள் காலையில், "வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள். பேருந்தில் வத்தலக்குண்டு. அங்கே ஒரு மணி நேரம் நின்றோம். அப்புறம் கொடைக்கானல். சித்தப்பாவுக்குக் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளத்தான் கை இருந்தது. வந்து சேர்ந்தால் பூம்பாறைக்குக் கடைசி வண்டி போய்விட்டது. ஜீப்புக்காரர் கேட்ட வாடகை கையில் இல்லை. சித்தியின் சேலையைப் போர்த்திக்கொண்டு இரவெல்லாம் பேருந்து நிலையத்துக் குளிரில் உட்கார்ந்திருந்தார். விடியற்காலையில் கேரட் ஏற்ற மேலே வந்த லாரிக்காரர்தான் ஏற்றிக்கொண்டார். மறுபரிசோதனைக்கு வரச் சொன்ன தேதியில் சித்தப்பா போகவில்லை. "திரும்பி வர என்னால் ஆகாதுப்பா" என்றார்.

மலையேற அவருக்குக் கிடைத்த மச்சான் அந்த லாரிக்காரர்.

108 நம்மை இறக்கிவிடும், ஏற்றிவிடாது. ஆனால் அரசுக்கு இது தெரியாத வேலை இல்லை. அரசு மருத்துவமனையில் பிரசவித்த தாயையும் பிள்ளையையும் 102 வண்டி இலவசமாக வீட்டில் கொண்டுவந்து விடுகிறது. அந்த வண்டியை மேல்மலை, கீழ்மலை நோயாளிகள் எல்லோருக்கும் விடுங்கள். காப்பீட்டு அட்டை வைத்திருப்பவருக்கும் துணைக்குப் போகிறவருக்கும் வழிச்செலவு கொடுங்கள். இதற்கு ஓர் அரசாணை போதும்.

மருந்து விஷயத்தில், அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தர 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. நேரமாகிவிட்டது, இன்னொரு நாள் சொல்கிறேன்.

வண்டியும் வழிச்செலவும் கேட்கும் மனு மேடைக்கு இடப்பக்க மேசையில் இருக்கிறது. கைநாட்டு வைப்பவர்களுக்கு மையும் இருக்கிறது. கிளாவரைக்காரர்கள் முதலில் போடுங்கள், உங்கள் பேருந்துக்கு நேரமாகிறது.