ஒரு பானைச் சோறும் வைகைக்கரை மேடுகளும்

(சிலைமானில் நூலக வாசகர்கள் கூடிய ஒரு சனிக்கிழமை மாலை பேசியது. பேச்சை வைத்துக்கொண்டு பின்னர் எழுதியது.)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, வரவேற்புரையில் என்னைப் பற்றி என் தகுதிக்கு மேலே சொல்லிவிட்ட நூலகர் அம்மா அவர்களே, கொந்தகையிலிருந்தும் மணலூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் பெரியவர்களே, முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். ஊராட்சித் தலைவர் இன்னொரு நிகழ்ச்சிக்குப் போக வேண்டியவர். இருந்தும் எட்டு மணி வரைக்கும் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவருக்குத் தனியாக நன்றி. அவரிடம் கேட்பதற்கு எனக்கு ஒரு காரியம் இருக்கிறது. துண்டு போர்த்தாமல் புத்தகம் கொடுத்தீர்கள், அந்த வழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

‘அறிவியல், அகழாய்வு, அறிபுனை’ என்று மூன்று சொல்லைத் தலைப்பாகக் கொடுத்திருக்கிறீர்கள். அறிபுனை என்றால் அறிவியல் புனைகதை. மூன்றையும் பேசுகிறேன். ஒன்று, மண்ணுக்குள்ளிருந்து அண்மையில் என்ன வந்தது. இரண்டு, அதைப் படிக்கப் புதிதாக என்ன கருவி வந்தது. மூன்று, தமிழில் அறிபுனை எழுதுகிறவர்கள் இதை வைத்து என்ன செய்யலாம்.

நம் வீட்டுப் பெண்கள் சொல்லும் பழமொழியிலிருந்து தொடங்குகிறேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். அகழாய்வுக்காரர் செய்வதும் இதேதான். கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கரித்துண்டு ஒன்று கிடைத்தது. அதை ஃபுளோரிடாவில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கி.மு. 580 என்று பதில் வந்தது. 2019இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அதை அறிக்கையாக வெளியிட்டது. ஒரு கரித்துண்டு, ஒரு ஊரின் வயது. மரமோ நெல்லோ மனிதனோ, உயிரோடு இருக்கிற வரை கார்பன்-14 உடம்புக்குள் வந்துகொண்டே இருக்கும். உயிர் போனதும் வரத்து நின்றுவிடும். இருப்பது 5,730 வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகும். மிச்சம் எவ்வளவு என்று அளந்தால் செத்த காலம் தெரிந்துவிடும். இன்றைய கருவிக்கு ஒரு நெல்மணி போதும். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில், இறந்தவரைப் புதைத்த தாழிக்குள் கிடந்த நெல்தான் கி.மு. 1155 என்று சொன்னது. பழமொழியில் வரும் ‘ஒரு சோறு’ உண்மையிலேயே ஒரு நெல்லாக வந்து நிற்கிறது பாருங்கள்!

அதே சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். இன்னும் பல இடங்களில் இதே காலம் கிடைத்தால்தான் உறுதி என்று கேட்கும் அறிஞர்களும் இருக்கிறார்கள். கேட்கட்டும். கேட்பவர்கள் நமக்கு எதிரிகள் இல்லை. இன்னும் நாலு மேட்டைத் தோண்டிப் பார் என்று நமக்கு வேலை கொடுக்கிறவர்கள் அவர்கள்.

இரும்பு என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது நடந்தது. எங்கள் ஊர் திருமங்கலத்துக்கு மேற்கே, கண்மாயை ஒட்டிய சின்ன ஊர். என் பெரியப்பா வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டில் குப்பைக்குழி வெட்டினார். இடுப்பளவு இறங்கியதும் கடப்பாறை ‘டங்’ என்றது. மண்ணை ஒதுக்கினால் ஒரு பலகைக்கல். கல்லைப் புரட்டினால் அடியில் பானை வாய். சின்னப் பானை இல்லை, நான் உள்ளே இறங்கி நிற்கலாம், அவ்வளவு அகலம். “புதையலுப்பா!” என்று சித்தப்பா கத்திவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் அதற்குள் தெருவே வந்துவிட்டது.

அன்றைக்கு ராத்திரி யாரும் தூங்கவில்லை. பூதம் காக்கும், ரத்தம் காட்டாமல் தொடக்கூடாது என்று பூசாரி சொல்ல, ஒரு சேவலை அறுத்தார்கள். பெட்ரோமாக்ஸ் விளக்கை வேப்பமரத்தில் கட்டினார்கள். குழிக்கு நாலு பக்கமும் நாலு ஆள் காவல். ஒருத்தர் மேல் ஒருத்தருக்கு நம்பிக்கை இல்லை. பங்கு பிரிப்பதில் பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வந்த பேச்சில், மூன்று வருஷம் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்தே இல்லாமல் போனது. விடியற்காலை பெரியப்பா கடப்பாறையை ஓங்கித் தாழியின் வயிற்றில் இறக்கினார். சரசரவென்று மண் சரிந்தது. எலும்பு. மறுபடியும் எலும்பு. துருவேறிய இரும்புத் துண்டு, முழ நீளத்தில். இரண்டு சின்னக் கிண்ணங்கள். பொன்னும் இல்லை, பூதமும் இல்லை.

எலும்பைச் சாக்கில் அள்ளிக் கண்மாயில் கொட்டப் போனார்கள். என் அப்பத்தா மட்டும் வழிமறித்து நின்றது. “யாரோ எவரோ, நம்ம மண்ணுல கெடந்த சனம்யா, இப்பிடியா அள்ளிக் கொட்டுவீக?” என்று சொல்லி, செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அந்தச் சாக்கின் மேல் ஊற்றியது. அதற்கு மேல் அப்பத்தா பேச்சை யார் கேட்டார்கள்? இரும்புத் துண்டு பழைய இரும்புக்காரரிடம் போய்ப் பேரீச்சம்பழமாகத் திரும்பி வந்தது. நானும் நாலு பழம் தின்றேன். ஒரு கிண்ணம் உடைந்துவிட்டது. இன்னொன்றில் அப்பத்தா கோழிக்குத் தண்ணீர் வைத்தது. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, தடவினால் எண்ணெய் பூசியதுபோல வழவழப்பு. விளிம்புக்குக் கீழே நண்டுக்கால் மாதிரி மூன்று கீறல். ஒருநாள் ஆடு இடறி அதுவும் போனது.

2023இல் கீழடி அருங்காட்சியகம் திறந்த பிறகு குடும்பத்தோடு போனேன். கண்ணாடிக்குள்ளே கறுப்பு சிவப்புக் கிண்ணங்கள். சூளையில் கவிழ்த்து வைத்துச் சுடுவதால் காற்றுப் படாத உட்புறம் கறுக்கும், காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவக்கும் என்று என் பேத்திக்குச் சொல்லிக்கொடுத்தேன். கோழி தண்ணீர் குடித்த கிண்ணத்தை மட்டும் அவளிடம் சொல்ல முடியவில்லை. இங்கே உங்கள் முன்னால்தான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

சரி, இரண்டாவதுக்கு வருவோம். இத்தாலியில் கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்து ஹெர்குலேனியம் என்ற ஊர் புதைந்தது. அங்கே ஒரு மாளிகையில் ஒரு நூலகமே கரியாகிக் கிடந்ததை 1750களில் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு சுருளும் அடுப்புக்கரி மாதிரி இருக்கும், தொட்டால் உதிரும். பிரிக்கப் போய்ப் பலவற்றைப் பாழாக்கினார்கள். மிச்சத்தை அப்படியே வைத்திருந்தார்கள். 2023இல் 21 வயது மாணவர் ஒருவர், லூக் ஃபாரிட்டர் என்று பெயர், பிரிக்காத சுருளின் எக்ஸ்ரே படத்தைக் கணினிக்குப் பழக்கி, உள்ளேயிருந்து ஒரு கிரேக்கச் சொல்லைப் படித்துவிட்டார். ஊதா நிறம் என்று அதற்குப் பொருள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் இதை ஒருவர் கதையாக எழுதியிருந்தால் அறிபுனை என்றுதான் சொல்லியிருப்போம்.

இங்கேயும் அப்படி நடந்திருக்கிறது. கீழடிப் பானை ஓட்டின் பூச்சுக்குள் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதை வேலூரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டார்கள். முடியை விடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிய குழாய்! செய்த குயவருக்கு அது தெரிந்திருக்காது. எந்தச் சூட்டில் எதைப் பூசினால் பூச்சு நிற்கும் என்பது அவர் கைக்குத் தெரிந்திருந்தது. கீழடிக்குப் பக்கத்தில் உள்ள கொந்தகைத் தாழிகளில் கிடைத்த இரண்டு மண்டை ஓடுகளை வைத்து, லிவர்பூலில் உள்ள பல்கலைக்கழகம் ஒன்று 2025இல் இரண்டு முகங்களை உருவாக்கிக் கொடுத்தது. அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு எங்கள் ஊர்க் கண்மாயில் கொட்டிய சாக்கு நினைவுக்கு வந்தது. அதிலும் ஒரு முகம் இருந்திருக்கும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், ஒத்துக்கொள்கிறோம். ஆனால் பானையையே உடைத்துக் கொட்டிவிட்டால் எந்தச் சோற்றை எடுத்துப் பதம் பார்ப்பது? நாளைக்கு என்ன கருவி வரும் என்று நமக்குத் தெரியாது. அது வருகிற அன்றைக்குப் படிப்பதற்கு ஓடு இருக்க வேண்டும்.

ஊராட்சித் தலைவர் அவர்களே, இதற்குத்தான் உங்களை எட்டு மணி வரை இருக்கச் சொன்னேன். வைகை நெடுக, வருசநாட்டு மலையிலிருந்து கடல் வரைக்கும் ஆய்வு செய்தபோது 293 இடங்களில் பழைய வாழ்விடத் தடயங்களைப் பார்த்தார்கள். அதில் முறையாகத் தோண்டியவற்றைக் கைவிரலால் எண்ணிவிடலாம். மற்ற மேடுகளின் கதி என்ன? கீழடியில் அகழாய்வு நடந்த பள்ளிச்சந்தைத் திடல் தப்பியதற்கு அங்கே தென்னந்தோப்பு இருந்தது ஒரு காரணம். 1970களிலேயே அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர், பிள்ளைகள் கொண்டுவந்த ஓடுகளைப் பார்த்து இது சாதாரண இடம் இல்லை என்று சொன்னார். தோப்பு இல்லாத ஊரில், அப்படி ஓர் ஆசிரியர் இல்லாத ஊரில், சவுடு மண் என்று பெயர் சொல்லி ஜேசிபி இறங்கும். ஒரே ராத்திரியில் இரண்டாயிரம் வருஷம் லாரி ஏறி வீட்டுமனைக்குப் போய்விடும்.

நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் இல்லை. அடுத்த கிராம சபையில் ஒரு தீர்மானம் போடுங்கள். எந்த மேட்டில் மண் எடுக்க அனுமதி வந்தாலும், எடுப்பதற்கு ஒரு வாரம் முன்னால் பள்ளி ஆசிரியர், கிராம நிர்வாக அலுவலர், ஊரில் நாலு பேர் அந்த மேட்டைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும். ஓடு தென்பட்டால் தொல்லியல் துறைக்கு எழுத வேண்டும். சட்டம் நம் பக்கம் இருக்கிறது. மண்ணுக்குள் புதைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் போனால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும் என்று 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டமே சொல்கிறது. எங்கள் பெரியப்பாவுக்கு அதைச் சொல்ல ஊரில் ஆள் இல்லை.

மூன்றாவதுக்கு நேரம் இல்லை, நூலகர் அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார். எழுதுகிற தம்பி தங்கைகளுக்கு ஒரே ஒரு வார்த்தை. கடல் கொண்ட நாட்டை எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். இருபதாயிரம் வருஷத்துக்கு முன்னால் கடல் ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது, இலங்கைக்கு நடந்தே போகலாம் என்பது அறிவியல். அந்த ஒரு சோற்றை வைத்துக்கொண்டு பானை நிறையக் கற்பனை பொங்குங்கள். கதை என்று சொல்லி எழுதுங்கள், வரலாறு என்று சொல்லி எழுதாதீர்கள். மற்றதை இன்னொரு கூட்டத்தில் பேசுவோம்.

நாளைக்கு ஞாயிறு. காலை ஆறு மணிக்கு இந்த நூலக வாசலிலிருந்து கிளம்பி ஆற்றங்கரை மேட்டுக்கு நடக்கிறோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள். கருவேலமுள் அதிகம், செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். ஓடு கிடந்தால் எடுக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்து, அளவு தெரிகிற மாதிரி போனில் படம் எடுங்கள். எந்த இடம் என்று நோட்டில் எழுதுங்கள். நோட்டு நான் கொண்டு வருகிறேன். வணக்கம்.