தோலைத் தைத்து விற்கலாமா, நடுவர் அவர்களே?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். உலகப் படக் கம்பெனிகளும் தீம் பார்க்குகளும் பண்பாடுகளை வாழ வைக்கின்றனவா, விற்றுத் தின்கின்றனவா? விற்றுத் தின்கின்றன. இதுதான் எங்க கட்சி.

எனக்கு முன்னாடி பேசின எதிரணித் தம்பி ஒரு போடு போட்டாரு. "மோவானா படத்துக்கு டிஸ்னி ஒரு டிரெஸ் வித்துச்சு, எதிர்ப்பு வந்ததும் வாபஸ் வாங்கிடுச்சு. ஒரு மாறுவேஷ டிரெஸ்ஸுக்கு இவ்வளவு கூப்பாடா? நம்ம பிள்ளைங்க ஸ்கூல்ல பாரதியார் வேஷம் போடலையா?"ன்னாரு. நீங்களும் கைதட்டுனீங்க. அந்தக் கைதட்டலைத் திரும்ப வாங்காம நான் மேடையை விட்டு இறங்குறதா இல்லை.

தம்பி, பாரதி வேஷத்துக்கு என்ன வேணும்? ஒரு முண்டாசு, கறுப்புக் கோட்டு, கண்மையில முறுக்கு மீசை. முடிஞ்சது. பாரதியோட தோலை யாராவது தைச்சு வித்தாங்களா? 2016-ல டிஸ்னி வித்தது தோலுங்க! பழுப்பு நிறத்துல முழுக்கைச் சட்டை, முழுக்கால் பேன்ட். அந்தத் துணிதான் படத்துல வர்ற மாவியோட உடம்பு. அது மேல பச்சை குத்துன மாதிரி அச்சு. மாவி யாரு? கடலுக்கடியில கிடந்த தீவுகளைத் தூண்டில் போட்டு இழுத்தவர், சூரியனைக் கயிறு போட்டு மடக்கினவர்னு பசிபிக் கடல் தீவுகள்ல வாழ்ற பாலினேசிய மக்கள் தலைமுறை தலைமுறையாச் சொல்ற முன்னோர். அவரை உரிச்சு ஹேங்கர்ல மாட்டி விலைச் சீட்டு தொங்கவிட்டாங்க.

அந்தப் பச்சை எப்படிக் குத்துறாங்கன்னு தம்பிக்குத் தெரியுமா? அந்தத் தீவுகள்ல ஒண்ணான சமோவாவுல இடுப்புல ஆரம்பிச்சு முழங்கால் வரைக்கும் குத்துவாங்க. பரம்பரை முறையில மெஷின் கிடையாது. பன்றியோட கோரைப் பல்லைச் சீவிச் செஞ்ச சீப்பு. அதை மையில தோய்ச்சு, தோல் மேல வச்சு, சின்னக் கட்டையால தட்டணும். டக், டக், டக்... பக்கத்துல ஆளுங்க உட்கார்ந்து தோலை இழுத்துப் பிடிச்சு ரத்தத்தைத் துடைச்சுக்கிட்டே இருப்பாங்க. ஒரு நாள்ல முடியாது, நாள்கணக்குல தட்டணும். டக், டக், டக்... வலி தாங்காம நடுவுல எழுந்து போயிட்டா, பாதிப் பச்சையோட ஆயுசுக்கும் தலைகுனிவு. அதனால பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருப்பான்.

அம்மா, தாய்மார்களே, நல்லா கேளுங்க. அவன் ரத்தம் சிந்திச் சம்பாதிச்ச மரியாதையை, ஹாலோவீன்ங்கிற மாறுவேஷப் பண்டிகை அன்னிக்கு மிட்டாய் வாங்கப் போற பிள்ளை சாயங்காலம் மாட்டிக்கிட்டு ராத்திரி கழட்டி வீசலாம்னு கடையில வச்சாங்க. (இப்பத் தட்டுறீங்க பாருங்க, இதுதான் எனக்கு வேணும்!)

"அதான் வாபஸ் வாங்கிட்டாங்களே"ன்னாரு தம்பி. யாரு வாங்க வச்சா? பசிபிக் தீவு மக்கள் போட்ட சத்தம் வாங்க வச்சுது. கேட்டுச் செய்யத் தெரியாதவங்களும் இல்லை. 2019-ல இதே டிஸ்னியோட ஃப்ரோசன் 2 படம் வந்தப்ப, வட ஐரோப்பாவுல இருக்கிற சாமிங்கிற பழங்குடி மக்களோட பார்லிமென்ட்டுகள்கிட்ட ஒப்பந்தம் போட்டு, அவங்க மொழியிலயும் படத்தை வெளியிட்டாங்க. முடியுதுல்ல? அப்போ கேக்காம எடுத்ததெல்லாம் தெரிஞ்சே எடுத்தது!

பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியனை எடுத்துக்குங்க. 1967-ல டிஸ்னிலேண்டுல அது ஒரு படகுச் சவாரி. சவாரி படமாச்சு. ரெண்டாவது படத்தை டொமினிக்கா தீவுல எடுத்தாங்க. அங்க வாழ்ற கலினாகோ மக்களோட தலைவர் சார்ல்ஸ் வில்லியம்ஸ், "எங்களை மனுஷனைத் தின்கிறவங்களாக் காட்டாதீங்க, அது வெள்ளைக்காரன் எங்க முன்னோர் மேல சுமத்துன பழி"ன்னு எதிர்த்தாரு. 2006-ல படம் நரமாமிசக் காட்சியோடதான் வந்துச்சு.

நேரமாச்சுன்னு மணி அடிக்கிறீங்க. ஒருத்தரைப் பத்திச் சொல்லிட்டுப் போயிடுறேன், ஐயா. சாலமன் லிண்டா. தென்னாப்பிரிக்காவுல ஜூலு இனத்துப் பாடகர். 1939-ல ஜோகனஸ்பர்க் ஸ்டூடியோவுல சிங்கத்தைப் பத்தி ஒரு பாட்டு பாடுனாரு. உரிமையை வித்தது பத்து ஷில்லிங்குக்கு. அந்த மெட்டு அமெரிக்கா போயி, பேரு மாறி, 1994-ல லயன் கிங் படத்துக்குள்ள வந்துச்சு. உங்க வீட்டுப் பிள்ளைங்களும் கேட்டிருக்கும், கூடச் சேர்ந்து பாடியிருக்கும். பாடுன மனுஷன்? தன்னோட பாட்டை வெளியிட்ட கம்பெனியிலயே ரிக்கார்டுகளைப் பொட்டலம் கட்டுற வேலை பார்த்தாரு. 1962-ல ஏழையா செத்தாரு. கல்லறைக்கு ஒரு கல்லு வைக்க 18 வருஷம் ஆச்சுங்க. 2004-ல அவரோட மகள்களுக்காக டிஸ்னி மேல வழக்குப் போட வேண்டி வந்துச்சு. 2006-ல சமரசம். பெத்த அப்பன் கட்டுன மெட்டுக்கு, உலகமே பாடுற மெட்டுக்கு, மூணு பொம்பளைப் பிள்ளைங்க கோர்ட்டு வாசல்ல நின்னிருக்காங்க. என்னால தாங்க முடியலைங்க!

நடுவர் அவர்களே, இவங்க பண்பாட்டை வாழ வைக்கிறாங்கன்னு தீர்ப்பு சொல்றதா இருந்தா, அந்த மூணு மகள்களையும் எதிர்ல உட்கார வச்சுச் சொல்லுங்க. நான் மறுபேச்சு பேசாம ஏத்துக்கறேன். வணக்கம்.