கள்ளிப்பிள்ளையும் குறுநரியும்

நேயர்களுக்கு வணக்கம்.

நடுராத்திரியில் தெருநாய் ஒன்று தலையைத் தூக்கி ஊளையிடுகிறது. வீட்டில் யார் முதலில் எழுந்து வருவார்கள்? எங்கள் வீட்டில் அம்மாதான். வாசலைப் பார்த்து ஒரு அதட்டல் போடுவார், ஜன்னலைச் சாத்துவார், தூங்குகிற எங்கள் நெற்றியில் விபூதியைத் தடவிவிட்டுப் போவார். உங்கள் வீட்டிலும் அநேகமாக அப்படித்தான் இருந்திருக்கும். அந்த நாயும் அந்த அம்மாவும்தான் நான் பார்த்த முதல் பேய்க்கதை. அதில் பேய் வரவே இல்லை, பாருங்கள்.

அன்றிலிருந்து எந்தப் பேய்க்கதையைக் கேட்டாலும் ஒன்றைத்தான் தேடுகிறேன். அதில் வரும் தாயின் பக்கத்தில் நிற்பது எந்த மிருகம்? அது தெரிந்துவிட்டால் அந்தத் தாயைப் பற்றிக் கதை சொல்லாமல் விட்டதும் தெரிந்துவிடும்.

இதற்கு நான் உங்களை ஓர் ஊருக்குக் கூட்டிப் போக வேண்டும். சென்னையிலிருந்து அரக்கோணம் போகிற ரயிலில் போனால் திருவாலங்காடு என்று ஒரு நிலையம் வரும். ஆலங்காடும் பழையனூரும் அடுத்தடுத்த ஊர்கள். அந்த மண்ணுக்குள் இரண்டு பேய்ப் பெண்கள் இருக்கிறார்கள். ஒருவர் காரைக்கால் அம்மையார். இன்னொருத்தி நீலி. ஒருவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம், இன்னொருத்தியின் பெயரைச் சொல்லித் திட்டுகிறோம். ‘நீலிக்கண்ணீர்’ என்கிறோம் இல்லையா, அந்த நீலிதான்.

முதலில் அம்மையார். கணவர் அவரைத் தெய்வம் என்று பயந்து விட்டுப் போனார், பாண்டிநாட்டில் வேறு திருமணம் செய்துகொண்டார், பிறந்த மகளுக்கு முதல் மனைவியின் பெயரான புனிதவதி என்பதையே வைத்தார். அதன் பிறகுதான் அம்மையார் இந்த உடம்பு வேண்டாம், பேய் வடிவம் போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அவருக்குப் பிள்ளை பிறந்ததாகப் பெரியபுராணம் சொல்லவில்லை. ஆனால் தலையால் நடந்து கயிலைக்குப் போனவரைப் பார்த்துச் சிவன் கூப்பிட்டது ‘அம்மையே’ என்று.

அப்படிப்பட்டவர் ஆலங்காட்டுச் சுடுகாட்டைப் பாடும்போது எதைப் பார்க்கிறார்? ஒரு பேய்த்தாயைப் பார்க்கிறார். அது தன் குட்டிக்குக் காளி என்று பெயர் வைத்து, சீராக வளர்த்து, மேலே ஒட்டிய புழுதியைத் துடைத்து, பால் கொடுத்துவிட்டு எங்கோ போய்விடுகிறது. குட்டி காத்திருக்கிறது. அம்மா வரவில்லை. அழுது அழுது அப்படியே தூங்கிவிடுகிறது. ‘அழுது உறங்கும் புறங்காடு’ என்று பாடுகிறார். வேலைக்குப் போன அம்மாவுக்காக வாசற்படியிலேயே தூங்கிப்போன பிள்ளையை நாம் பார்த்ததில்லையா?

அதே பதிகத்தில் ஒரு குறுநரி வருகிறது. குழியில் இட்ட சோற்றை அது முந்திக்கொண்டு தின்றுவிடுகிறது. ‘நாம் முன்னமே பார்க்காமல் விட்டோமே’ என்று பேய்கள் கையடித்துக்கொண்டு ஓடுகின்றன. பேய்க்கும் பசி, நரிக்கும் பசி. பால் கொடுத்துவிட்டுப் போன தாய் எங்கே போயிருக்கும் என்று எனக்கு இந்த நரிதான் சொல்லிக்கொடுத்தது. இரை தேடித்தான் போயிருக்கும். அந்தக் காட்டில் பயங்கரம் எவ்வளவு இருந்தாலும் தனிமை இல்லை. நரியும் பேயும் பேய்க்குட்டியும் ஒரே அடுப்படியில் சண்டை போடும் குடும்பம் மாதிரி இருக்கின்றன.

சரி, இப்போது நீலிக்கு வருவோம். இந்தக் கதையை என் பாட்டி சொல்லித்தான் கேட்டேன். முற்பிறவியில் கணவன் கையால் செத்த பெண் பேயாகி, மறுபடி பிறந்து வணிகனாக வரும் அவனைத் தொடர்கிறாள். அவன் பழையனூருக்குள் ஓடுகிறான். ஊரார் நம்ப வேண்டுமே? வழியில் ஒரு கள்ளிக் கொப்பை ஒடித்து அதைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள்.

பாட்டி இந்த இடத்தில் மட்டும் நிறுத்துவார். எதையோ இரண்டாக ஒடிப்பதுபோலக் கையைக் காட்டுவார். “ஒடிச்சா. பால் சொட்டுச்சு. அந்தப் பாலோடயே இடுப்புல வெச்சா” என்பார். அப்புறம் அந்தக் கையைப் புடவையில் துடைத்துக்கொள்வார். கையில் ஒன்றுமே இருக்காது, ஆனாலும் துடைப்பார். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும், வேலிப்பக்கம் போகாதே என்று எங்களை விரட்டுகிறவர் அவர்.

கள்ளிப்பால் என்ற சொல் தமிழ்நாட்டில் எதை நினைவுபடுத்தும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பிறந்த பெண் குழந்தைகளுக்கு எதைப் புகட்டினார்கள் என்பது நமக்குத் தெரியும். மனைவியைக் கொன்றவனைத் தேடி வருகிறவள், எத்தனையோ செடிகள் இருக்கக் கள்ளியை ஒடிக்கிறாள். பால் தரும் செடி, ஆனால் குடித்தால் உயிர் போகும் பால். இதைக் கட்டிய வாய்மொழிக் கலைஞர்கள் சும்மா கட்டவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

அந்தக் கள்ளிப்பிள்ளை ‘அப்பா’ என்று வணிகன் மடியில் ஏறுகிறது. ஊர் நம்பிவிடுகிறது. இவனுக்கு ஏதாவது நேர்ந்தால் நாங்கள் உயிர் கொடுக்கிறோம் என்று எழுபது வேளாளர்கள் வாக்குக் கொடுக்கிறார்கள். விடிந்தால் வணிகன் பிணம். எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். ஞானசம்பந்தர் ஆலங்காட்டைப் பாடும்போதே, வஞ்சித்து உயிர் கொண்ட ஒருத்தியைக் கேட்டு அஞ்சும் பழையனூர் என்கிறார். அவ்வளவு பழைய பயம் இது.

இப்போது என் கேள்வி. நீலியின் பக்கத்தில் எந்த மிருகம் நின்றது? பாட்டி சொன்ன கதையில் எதுவும் இல்லை. நாய் இல்லை, நரி இல்லை, ஒரு காக்கை கூட இல்லை. இடுப்பில் இருக்கும் பிள்ளையும் செடி. ஊர் முழுக்க மனிதர்கள் இருந்தும் அவள் ஒண்டி. அதே மண்ணில் அம்மையாரின் பேய்த்தாய்க்கு நரி வரைக்கும் துணை இருந்தது. எனக்கு நீலியைப் பார்த்து வருகிற பயம் அவள் கொன்றதால் மட்டும் வருவதில்லை. அவளுக்கு யாருமே இல்லை என்பதால் வருகிறது.

தெற்கே குமரி, நெல்லைப் பக்கம் இதே நீலியை இசக்கியம்மன் கோயில்களில் வில்லுப்பாட்டாகப் பாடுகிறார்கள். அங்கே இசக்கியின் கையில் பிள்ளை இருக்கும். பிள்ளை வரம் கேட்கிறவர்கள் மண்ணால் செய்த பிள்ளை உருவங்களை வைப்பார்கள். இதைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள்.

கழுகுமலையை மட்டும் சொல்லிவிடுகிறேன். அங்கே பாறையில் அம்பிகை என்ற சமண இயக்கியின், அதாவது சமணரின் பெண் காவல் தெய்வத்தின், சிற்பம் இருக்கிறது. துறவிக்குச் சோறு போட்டதற்காகக் கணவன் விரட்டிவிட, இரண்டு பிள்ளைகளோடு மலையேறியவள். பின்னால் அவன் மனம் மாறித் தேடி வந்தபோது, மறுபடி அடிக்க வருகிறான் என்று பயந்து உயிரை விட்டாள். அவனும் செத்தான். அவள் தெய்வமானபோது அவளைச் சுமக்கும் சிங்கமாகப் பிறந்தவன் அவன்தான். கழுகுமலைக்குப் போனால் பிள்ளைகளைப் பாருங்கள், அம்பிகையைப் பாருங்கள். அந்தச் சிங்கத்தின் முகத்துக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நில்லுங்கள்.

வணக்கம்.