கடம்பூரில் விளக்கு அணைந்தபோது

(திரையில்: ஓடும் ரயிலின் ஜன்னல். வெளியே கடல்.)

வணக்கம். கல்கியின் பொன்னியின் செல்வன் நாவலை இன்னும் வாசித்து முடிக்காதவர்கள் தயவுசெய்து இங்கேயே நிறுத்திவிடுங்கள். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொல்லப்படும் இடத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

கொழும்பு கோட்டை ஸ்டேஷனில் ரயில் ஏறி வெள்ளவத்தையில் இறங்க வேண்டியவள் நான். கையில் ஐந்தாம் பாகம். கடம்பூர் மாளிகை, நந்தினியின் அறை, ஒளிந்து நிற்கும் கதாநாயகன் வந்தியத்தேவன். விளக்கு அணைகிறது. அப்புறம் கரிகாலன் பிணமாகக் கிடக்கிறான். யார் செய்தது? மேலே வாசிக்க மனம் வரவில்லை, பின்னே புரட்டினேன். ஏதோ ஒரு வரியைத் தவறவிட்டுவிட்டேன் என்று நினைத்து மூன்று தடவை. நிமிர்ந்து பார்த்தால் வெள்ளவத்தையைத் தாண்டி தெஹிவளை!

நான் எதையும் தவறவிடவில்லை. அந்த வரியைக் கல்கி அங்கே எழுதவே இல்லை.

(திரையில்: முதல் பாகமும் ஐந்தாம் பாகமும் அருகருகே.)

முதல் பாகத்தை நினைத்துப் பாருங்கள். இதே கடம்பூர் மாளிகை, இதே வந்தியத்தேவன். நடுநிசியில் சிற்றரசர்கள் கூடிச் சதி பேசுகிறார்கள், அவன் மறைந்திருந்து பார்க்கிறான், கேட்கிறான். அன்றிலிருந்து அவன் கண்ணை நம்பியே நாம் கதைக்குள் நடக்கிறோம். கடைசியில் அதே மாளிகையில், மிக முக்கியமான நொடியில், கல்கி அந்தக் கண்ணை மூடிவிடுகிறார். பார்க்க வேண்டியவன் பார்க்கவில்லை. அதோடு கொலைப்பழியும் அவன் தலையிலேயே விழுகிறது. எனக்கு நெஞ்சு அடைத்தது அதனால்தான்.

சரி, ஏன் மறைத்தார்? காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடியில் ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் பெயர்களைச் சொல்கிறது. அவர்களுடைய நிலம் என்ன ஆனது என்றும் சொல்கிறது. எந்த இடத்தில், எப்படிக் கொன்றார்கள் என்பது அதில் இல்லை. வரலாறு இருட்டாக விட்ட அந்த இடத்தில்தான் கல்கி விளக்கை அணைக்கிறார். இதை வெறும் தந்திரமாக என்னால் பார்க்க முடியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதாத நேர்மை அது.

1950 முதல் 1954 வரை இது வாரத் தொடராக வந்த கதை. எனக்குப் பக்கத்தைத் திருப்பினால் போதும். அன்றைய வாசகர்கள் அடுத்த இதழ் வரும்வரை அந்த இருட்டு அறைக்குள்ளேயே நின்றிருப்பார்கள்.