பத்து மணிக்கு ஏறும் முள்

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று நம் செட்டிநாட்டு ஊர்களில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் வணக்கம். மேல் வளிமண்டலத்தைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். முப்பது வருஷமாக எனக்கு அதுதான் வேலை. ஆனால் பேச்சை வானத்தில் இருந்து தொடங்கப் போவதில்லை, எங்கள் வீட்டுத் தூணில் இருந்து தொடங்குகிறேன்.

எங்கள் ஐயா ரங்கூனில் ஒரு கடையில் கணக்குப் பார்த்தவர். ஊர் திரும்பும்போது தேக்குப் பெட்டி, பீங்கான் ஜாடி இவற்றோடு ஒரு காற்றழுத்தமானியும் கொண்டுவந்தார். வீட்டில் அதற்குக் 'கப்பல் கடிகாரம்' என்று பெயர். பித்தளை வட்டம், மேலே கண்ணாடி, உள்ளே நீல நிறத்தில் ஒரு மெல்லிய முள். ஓரத்தில் 'ரெயின்', 'சேஞ்ச்', 'ஃபேர்' என்று ஆங்கில எழுத்து. வளவுத் தூணில், என் தலைக்கு ஒரு முழம் மேலே மாட்டியிருந்தது. ஐயா காலையில் பேப்பர் படித்து முடித்ததும் எழுந்து போய், நகத்தால் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டுவார். முள் லேசாகத் துள்ளி நிற்கும். "தட்டினாத்தான் முள்ளு உண்மையைச் சொல்லும்" என்பார்.

எனக்குப் பத்து வயது இருக்கும். கோடை விடுமுறை. முக்காலி போட்டு ஏறி, கண்ணாடி மேல் மைக்கோடு போட்டு விளையாடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கவனித்தேன்: காலை பத்து மணிக்குப் போட்ட கோட்டில் இருந்து, சாயங்காலம் நாலு மணிக்கு முள் ஒரு அரிசி நீளம் இறங்கியிருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. மழை இல்லை, மேகம் இல்லை, சித்திரை வெயில் காய்கிறது. முள் மட்டும் பத்து மணிக்கு ஏறுகிறது, நாலு மணிக்கு இறங்குகிறது. ஐயாவிடம் கேட்டேன். "ரங்கூன்லயும் இப்படித்தான்டா தம்பி. கப்பல்ல வரும்போதும் பார்த்தேன், இப்படித்தான்" என்றார். காரணம் அவருக்கும் தெரியவில்லை.

பள்ளிக்கூடம் திறந்ததும் அறிவியல் ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். வெயிலில் பித்தளை விரியும், அதனால் முள் நகரும் என்றார். நியாயமாகத்தான் பட்டது. சரி, ராத்திரியில் வெயில் இல்லையே, பார்த்துவிடலாம் என்று ஒரு நாள் தூங்காமல் உட்கார்ந்திருந்தேன். ஆத்தா திட்டினார்கள். பட்டாலையில் பாயை விரித்துக்கொண்டு, டார்ச் லைட்டோடு படுத்திருந்தேன். நாலு மணிக்கு இறங்கிய முள் விளக்கு வைத்த பிறகு மெதுவாக ஏறத் தொடங்கியது. ராத்திரி பத்து மணிக்கு மறுபடியும் உச்சிக்கு வந்து நின்றது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பார்த்தால் மறுபடியும் இறங்கியிருந்தது. ஆக, ஒரு நாளில் இரண்டு தடவை ஏற்றம், இரண்டு தடவை இறக்கம். இரவில் பித்தளையைச் சூடாக்க யார் இருக்கிறார்கள்?

பத்து, நாலு, பத்து, நாலு. இந்த நாலு எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அடிக்கடி இதற்கே திரும்பி வருவேன்.

இதை முதலில் கவனித்தவன் நான் இல்லை. 1799-இல் இருந்து 1804 வரை தென் அமெரிக்கப் பக்கம் சுற்றிய ஹம்போல்ட் என்ற ஜெர்மானிய அறிஞர், வெப்ப நாடுகளில் காற்றழுத்தமானியைப் பார்த்தே மணி சொல்லிவிடலாம் என்று எழுதினார். அவ்வளவு ஒழுங்கு! ஐரோப்பாவில் இது கண்ணுக்குத் தெரியாது. அங்கே தினம் ஒரு புயல் சின்னம் கடந்து போய் முள்ளைக் கண்டபடி ஆட்டிவிடும். நம்மைப் போல் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் இந்தக் கொடுப்பினை.

காற்றழுத்தம் என்றால், நம் தலைக்கு மேலே இருக்கிற காற்றின் மொத்த எடை. இங்கே அது ஏறத்தாழ ஆயிரம் மில்லிபார். அதில் மூன்று மில்லிபார் அளவுக்குத்தான் இந்தத் தினசரி ஆட்டம். சின்னதுதான். ஆனால் முள் ஏறுகிறது என்றால் மேலே இருக்கிற காற்றின் எடை கூடுகிறது என்று அர்த்தம். கடலில் ஓதம் ஏறி இறங்குகிற மாதிரி காற்றிலும் ஓதம் இருக்கிறது. கடல் ஓதத்தை முக்கியமாக நிலா இழுக்கிறது. காற்று ஓதத்தைச் சூரியனின் சூடு கிளப்புகிறது.

இங்கேதான் சிக்கல். சூரியன் ஒரு நாளைக்கு ஒரு தடவைதானே உச்சிக்கு வருகிறது? முள் ஏன் இரண்டு தடவை ஏற வேண்டும்? 1882-இல் கெல்வின் பிரபு, காற்று மண்டலத்துக்கே பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆடும் இயல்பு இருக்கலாம், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் வீச்சு கூடுமே, அதுபோல என்றார். அழகான யோசனை. பல பத்தாண்டுகள் அதை நம்பினார்கள். ஆனால் மேலே உள்ள காற்றின் வெப்பநிலையை ராக்கெட் வைத்து அளந்தபோது, அந்த ஊஞ்சல் அங்கே இல்லை என்று தெரிந்தது. விடை 1960-களில்தான் கிடைத்தது. அது ஓசோனில் இருந்தது.

நம் ஊர் வீட்டை நினைத்துப் பாருங்கள். முகப்பு, அதைத் தாண்டினால் வளவு, அப்புறம் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு. காற்று மண்டலமும் அப்படிக் கட்டுக் கட்டாக இருக்கிறது. மழை, மேகம், புயல் எல்லாம் முகப்பில். நம் பக்கத்தில் அது பதினாறு, பதினேழு கிலோமீட்டர் உயரத்தில் முடிந்துவிடும். அங்கே குளிர் மைனஸ் எண்பது டிகிரி வரை போகும். அடுத்தது வளவு. அதில்தான் ஓசோன் இருக்கிறது, அது வெயிலைக் குடித்துச் சூடாகும். ஐம்பது கிலோமீட்டர் வரை அது. அதற்கும் மேலே இரண்டாம் கட்டு. தொண்ணூறு, நூறு கிலோமீட்டர் வரை போகும். எரிகற்கள் பெரும்பாலும் அந்த வாசலில்தான் எரிந்து போகின்றன. என் வேலை முழுக்க அந்த இரண்டாம் கட்டில். பலூன் அவ்வளவு உயரம் ஏறாது, செயற்கைக்கோள் அவ்வளவு தாழ்வாகச் சுற்ற முடியாது, ராக்கெட் போனால் சில நிமிஷத்தில் கடந்துவிடும். அதனால் விருந்தாளி யாரும் எட்டிப் பார்க்காத கட்டு அது.

சரி, பத்து, நாலுக்கு வருவோம். சூரியன் பாதி நாள் சுடுகிறது, பாதி நாள் சும்மா இருக்கிறது. இப்படி விட்டு விட்டுச் சுடும்போது காற்றில் இருபத்துநாலு மணி நேர அலை ஒன்றும், பன்னிரண்டு மணி நேர அலை ஒன்றும் சேர்ந்தே கிளம்புகின்றன. பெரியது ஏன் தோற்கிறது, சின்னது ஏன் ஜெயிக்கிறது? பிள்ளையார்பட்டித் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடித்தவர்கள் எல்லோரும் ஒரே குரலுக்கு இழுத்தால் தேர் நகரும். முன்னால் இருப்பவர் இழுக்கும்போது பின்னால் இருப்பவர் தளர்த்தினால் அத்தனை பேர் பலமும் வீண். ஓசோன் அடுக்கு பல கிலோமீட்டர் தடிமன். இருபத்துநாலு மணி அலை மேலும் கீழுமாகக் குட்டையான அலை. அடுக்கின் ஒரு பகுதி தள்ளுவதை இன்னொரு பகுதி கெடுத்துவிடும். பன்னிரண்டு மணி அலை நெட்டையானது. அடுக்கு முழுவதும் ஒரே குரலுக்கு இழுக்கிறது. அந்த இழுப்பு ஓசோனில் இருந்து கீழே இறங்கி, எங்கள் வளவுத் தூண் வரைக்கும் வந்து முள்ளை அரிசி நீளம் நகர்த்துகிறது. கீழே உள்ள ஈரக் காற்றும் வெயிலைக் குடித்துக் கொஞ்சம் துணை செய்கிறது. ஆனால் பெரிய கை ஓசோனுடையது. இதை முதன்முதலில் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஐயா அப்போது இல்லை.

அந்த அலை கீழே மட்டும் வரவில்லை, மேலேயும் போகிறது. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. மாட்டு வண்டிச் சாட்டை தெரியும்தானே? கைப்பிடிப் பக்கம் கனம், நுனிப் பக்கம் நூல். கையில் சின்ன அசைவு, நுனியில் படீர் என்று சத்தம். தரைக்குப் பக்கத்தில் இந்த ஓதக் காற்று நம் மேல் பட்டாலும் உணர மாட்டோம். அதே ஓதம் தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில், வினாடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் காற்றை இங்கும் அங்கும் வீசி அடிக்கிறது.

அதை எப்படி அளப்பது? திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1992-இல் இருந்து ஒரு ரேடார் இருக்கிறது. மத்திய அலை வானொலிக்குச் சற்று மேலே உள்ள அலைவரிசையில் வானத்தை நோக்கிக் குரல் கொடுக்கும். எழுபதில் இருந்து தொண்ணூற்றெட்டு கிலோமீட்டர் வரை உள்ள மின்னூட்டத் துகள்கள் அதை லேசாகத் திருப்பி அனுப்பும். ராத்திரியில் தூர தேசத்து மத்திய அலை நிலையங்கள் கேட்குமே, பகலில் கேட்காதே? பகலில் அதே உயரத்தில் உள்ள துகள்கள் அலையை விழுங்கிவிடுவதால்தான். திரும்பி வரும் எதிரொலியை மூன்று இடத்தில் பிடிப்பார்கள். ஊருணி மேல் மேக நிழல் நகர்கிறது என்று வையுங்கள். மூன்று கரையிலும் ஆள் நின்று, நிழல் எப்போது தொட்டது என்று சொன்னால், எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று கணக்குப் போட்டுவிடலாம். அவ்வளவுதான் சூட்சுமம்.

ஒரு ராத்திரியை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பர் 15, கஜா புயல் கரையை நெருங்கிய இரவு. நான் ஊரில் இருந்தேன். பத்து மணிக்கு ஏற வேண்டிய முள் ஏறவில்லை. தட்டினேன், இறங்கியது. மறுபடி தட்டினேன், மறுபடி இறங்கியது. அத்தனை வருஷத்தில் அந்த முள் பத்து மணிக்கு இறங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். பக்கத்து வீட்டு ஆச்சியிடம் போய், மாட்டைக் கொட்டகையில் கட்டாதீர்கள், கூரை நிற்காது என்று சொன்னேன்.

வானொலி நிலையத்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து இரண்டு நிமிஷம் என்று விரல் காட்டுகிறார்கள். கரியமில வாயு கீழே சூட்டைக் கூட்டும்போது மேலே குளிரைக் கூட்டுகிறது என்பதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். மேலே காற்று மெலிவு. அந்த வாயு சூட்டை நேரே விண்வெளிக்கு அனுப்பிவிடுகிறது, மேல் கட்டு குளிர்ந்து சுருங்குகிறது. சொல்ல நிறைய உண்டு.

கேரளத்துத் தும்பா ராக்கெட் தளத்தையும் சொல்லியாக வேண்டும். 1963 நவம்பர் 21, சாயங்காலம். முதல் ராக்கெட் சோடியம் ஆவியை மேலே விட்டது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேகம் வானத்தில் கோடு போட்டு, காற்றில் வளைந்து நெளிந்தது. கேரளத்தில் எல்லோரும் வாசலில் நின்று பார்த்தார்கள், கன்னியாகுமரிப் பக்கமும் தெரிந்தது. அந்த வளைவைப் படமெடுத்துத்தான் மேல் காற்றை அளந்தார்கள். நம் முள்ளை ஆட்டும் அதே ஓதத்துக்கு அந்தக் காற்றிலும் பங்கு உண்டு. உங்களில் சிலர் வைத்திருக்கும் செல்போனுக்குள்ளேயே காற்றழுத்தமானி இருக்கிறது. நாளை காலை பத்து மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு தடவை, ஒரே இடத்தில் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மாடிக்குக் கொண்டுபோய்விடாதீர்கள், கணக்குக் கெட்டுவிடும். வணக்கம்.