பேக் கொடுத்தால் எந்த வாசலுக்குப் போக வேண்டும்?

[திரையில்: பாதி நிரப்பிய விண்ணப்பப் படிவம். கட்டைவிரல் ஓரத்தில் உரசுகிறது. படிவம் மறைகிறது.]

பெயர், பிறந்த தேதி, முகவரி என்று பதினேழு கட்டங்களை நிரப்பிவிட்டுப் பதினெட்டாவதற்கு வந்தபோது, கட்டைவிரல் திரையின் ஓரத்தில் லேசாக உரச, போன் அதை 'பேக்', அதாவது முந்தைய பக்கத்துக்குத் திரும்பு என்ற கட்டளையாக எடுத்துக்கொண்டதில் நான் எழுதியதெல்லாம் போய்விட்டது. அந்தச் செயலியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே தவற்றைச் செய்யும் செயலிகள் உங்கள் போனிலும் இரண்டு மூன்றாவது இருக்கும்.

பேக்கின் வரலாற்றை விரைவாக முடித்துவிடுகிறேன். 2007-இல் வந்த முதல் ஐபோனில் பேக் பட்டன் இல்லை. 2008-இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனில் இருந்தது. 2013-இல் ஐஓஎஸ் 7 இடது ஓரத்திலிருந்து இழுத்துத் திரும்பும் வழியையும், 2019-இல் ஆண்ட்ராய்டு 10 இரண்டு ஓரங்களிலிருந்தும் இழுக்கும் வழியையும் தந்தன.

[திரையில்: ஒரு புடவையின் பக்கம்; மேல் இடது மூலையில் அம்புக்குறி.]

இனி எனக்குப் பிடித்த பகுதி. வாட்ஸ்அப்பில் அக்கா அனுப்பிய இணைப்பைத் தட்டி இந்தப் புடவையின் பக்கத்துக்கு வந்திருக்கிறீர்கள். பேக் கொடுத்தால் அக்காவின் செய்திக்கே திரும்ப வேண்டும்; ஏனெனில் பேக் என்பது நீங்கள் வந்த வழி. ஆனால் மேலே உள்ள அம்புக்குறி, நீங்கள் எங்கிருந்து வந்திருந்தாலும், அதே கடையின் புடவைப் பட்டியலுக்குத்தான் அழைத்துச் செல்ல வேண்டும். அந்த அம்பு செயலியை விட்டு வெளியே அனுப்பவே கூடாது என்பது ஆண்ட்ராய்டின் விதி. அதனால்தான் செயலியின் முதல் பக்கத்தில் அது தென்படுவதில்லை.

நான்கு வாசல் உள்ள பெரிய கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். மேற்கு வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனவரை, "எங்கள் தலைவாசல் கிழக்கே இருக்கிறது" என்று அந்தப் பக்கமாக வெளியே அனுப்பிவிட்டால், உச்சி வெயிலில் வெறுங்காலோடு மதிலைச் சுற்றி வருவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. தலைவாசல் இருக்கட்டும், அம்புக்குறி அதைக் காட்டட்டும். பேக் மட்டும் செருப்பு கிடக்கும் வாசலுக்கே கொண்டுபோய் விட வேண்டும். எங்கிருந்து வந்தவரையும் பேக் கொடுத்தவுடன் முகப்புப் பக்கத்தில் தள்ளும் செயலியை வடிவமைத்தவர், ஒருமுறையாவது அந்தச் சுடுகல்லில் நடந்து பார்க்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

ஓரத்தில் இழுக்கும் வேலை செயலிக்கே தேவைப்பட்டால், அந்த இடத்தைத் தனக்கு விடும்படி ஆண்ட்ராய்டிடம் கேட்கலாம்; ஆனால் ஓர் ஓரத்துக்கு 200 டிபி (எந்தத் திரையிலும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரியும் ஆண்ட்ராய்டின் நீள அலகு) உயரத்துக்கு மேல் கிடைக்காது.

[திரையில்: மீண்டும் அதே படிவம்.]

என் படிவத்துக்கு வருவோம். "நிச்சயமாக வெளியேறவா?" என்று கேட்பதைவிட, எழுதியதைச் சத்தமில்லாமல் சேமித்து வைப்பதே மரியாதை என்பேன். 2022-இல் ஆண்ட்ராய்டு 13 அடித்தளமிட்ட புதிய முறையோ, விரலை எடுப்பதற்கு முன்பே பின்னால் இருக்கும் பக்கத்தை எட்டிப் பார்க்க விடுகிறது. அது வேண்டாத வாசல் என்று தெரிந்தால், விரலை வந்த ஓரத்துக்கே நகர்த்தி, நிரப்பிக்கொண்டிருந்த கட்டத்தில் தொடரலாம். உங்களைத் தவறான வாசலில் விட்ட செயலி எதுவென்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.