ஆசியானில் இருந்தும் வரி ஏன்?

அடுத்த கேள்வி. சின்னதாக மசாலாத் தொழில் நடத்தும் ஒரு நேயர் கேட்கிறார்: "சிங்கப்பூர் ஆசியானில் இருக்கிறது, வர்த்தக உடன்பாடுகளும் 25க்கு மேல் இருக்கின்றன. அப்புறம் ஏன் மலேசியாவின் ஜோகூரில் வாங்கி வந்தால் வரி கேட்கிறார்கள்? இந்திய மிளகாய், மல்லியை இங்கே அரைத்துத் தாய்லாந்துக்கு அனுப்பினால் சலுகை உண்டா?"

முதல் பாதி சுலபம். உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடியில் நீங்கள் கட்டுவது பொருள் சேவை வரி, 9 விழுக்காடு. உடன்பாடுகள் குறைப்பது சுங்கத் தீர்வையை. அது நம்மிடம் ஏற்கெனவே கிடையாது. பீர், சம்சு போன்ற சில மதுவகைகளுக்கு மட்டும்தான் உண்டு. 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் 100 வெள்ளி வரைக்கும், அதற்கு மேல் தங்கினால் 500 வெள்ளி வரைக்கும் பொருள் சேவை வரி விலக்கு. அவ்வளவுதான்.

சரி, தீர்வையே வாங்காத ஊருக்கு உடன்பாடு எதற்கு? எதிர்த்தரப்பு எல்லையில் நம் சரக்குக்குத் தீர்வை குறைய வேண்டும் என்பதற்காக. ஆசியானுக்கு வெளியே தனி நாடு ஒன்றோடு நாம் செய்த முதல் உடன்பாடு நியூசிலாந்தோடு. 2001இல் நடப்புக்கு வந்தது. ஆசியான் ஐரோப்பிய ஒன்றியம் மாதிரி இல்லை. வெளியாருக்கு எல்லாரும் ஒரே தீர்வைதான் போட வேண்டும் என்ற கட்டாயம் இங்கே கிடையாது. அதனால்தான் அமெரிக்காவோடும் இந்தியாவோடும் நாம் தனியாகப் பேச முடிந்தது.

இப்போது உங்கள் மசாலா. தாய்லாந்துக்கு இரண்டு வழி: ஆசியான் உடன்பாடு, இல்லாவிட்டால் ஆசியானோடு சீனா போன்ற நாடுகளும் சேர்ந்து செய்து 2022இல் நடப்புக்கு வந்த ஆர்செப் வர்த்தக உடன்பாடு. இரண்டிலும் முதலில் கேட்பது, இது சிங்கப்பூர்ப் பொருள்தானா என்றுதான். கப்பலில் இங்கே வந்து இறங்கியதால் மட்டும் மிளகாய் சிங்கப்பூர் மிளகாய் ஆகிவிடாது. இங்கே தேக்கா சந்தையில் வாங்கிய தூளைப் புதுப் பாக்கெட்டில் போட்டு லேபிள் ஒட்டினாலும் ஆகாது. தனித் திறனோ அதற்கென்று செய்த இயந்திரமோ தேவைப்படாத சாதாரணக் கலப்பு மட்டும் என்றாலும் ஆர்செப் ஏற்காது.

இதில் ஒரு சிக்கல். சுங்க வகைப்பாட்டில் மிளகாய், மல்லி, மஞ்சள், கலந்த மசாலா எல்லாமே 9ஆம் அத்தியாயத்தில்தான் வருகின்றன. 'அத்தியாயம் மாற வேண்டும்', அதாவது மூலப்பொருள் ஓர் அத்தியாயத்திலும் செய்த பொருள் வேறோர் அத்தியாயத்திலும் இருக்க வேண்டும் என்ற விதி உங்கள் பொருளுக்கு இருந்தால் எவ்வளவு வறுத்து அரைத்தாலும் தேறாது. அப்போது மதிப்புக் கணக்குதான் கைகொடுக்கும். விலையில் இங்கே சேர்ந்த மதிப்பு எவ்வளவு என்ற கணக்கு அது; வழக்கமாகக் கேட்பது 40 விழுக்காடு. கப்பலேற்றும் விலை கிலோ 10 வெள்ளி என்றால், வெளிநாட்டுச் சரக்கு 6 வெள்ளியைத் தாண்டக்கூடாது. கூலி, வாடகை, மின்சாரம், உங்கள் லாபம் எல்லாம் மீதி 4 வெள்ளியில் சேரும். சிங்கப்பூர் வாடகையைத் திட்டாத முதலாளி கிடையாது. இந்த ஓர் இடத்தில் அது உங்களுக்குச் சாதகம்.

"இந்தியாவோடு சீக்கா இருக்கிறதே, இந்திய மிளகாயை நம் கணக்கில் சேர்க்கலாமே?" என்று கேட்கலாம். 2005இல் வந்த சீக்கா என்ற பொருளியல் ஒத்துழைப்பு உடன்பாடு நமக்கும் இந்தியாவுக்கும் இடையில் மட்டும். தாய்லாந்து அதில் இல்லை. ஆர்செப் பேச்சிலிருந்து இந்தியா 2019இல் விலகிவிட்டது. ஆர்செப் விதிப்படி உறுப்பு நாட்டு மூலப்பொருளை நம்முடையதாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே வியட்நாமிலோ சீனாவிலோ விளைந்த மிளகாய் என்றால், உரிய சான்று இருந்தால், அந்த 6 வெள்ளிப் பக்கம் போகாது. குண்டூர் மிளகாய் போகும். ருசி வேறு என்று நீங்கள் சொல்வீர்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சுங்கத்துறைக்கு ருசி தெரியாது.

முதலில் தாய்லாந்தில் வாங்குபவரிடம் உங்கள் மசாலாவுக்கு அங்கே என்ன எச்.எஸ். எண் (சுங்க வகைப்பாட்டு எண்) போடுகிறார்கள் என்று கேளுங்கள். அந்த எண்ணுக்கான விதியையும் தீர்வையையும் இரண்டு உடன்பாட்டிலும் ஒப்பிட்டு, உங்களுக்குத் தோதானதைத் தேர்ந்தெடுங்கள். நம் சுங்கத்துறையிடம் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் வேலையைச் சரக்கு கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள்.